மூன்று தடிகளுக்கு நான் சொன்ன ஓம்

ஹால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பிடித்து இருத்தி வாசிப்பியுங்கள். டெனிஷில் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள், நான் மாட்டேன் என்றேன். இது ஒரு தமிழ்ச் சொல்லால் வந்த கேடு. அதைத் தமிழில் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

தரை துடைக்கிறது, பந்துக்குக் காற்றடிக்கிறது, கோல் கம்பங்களைச் சுவரோடு பூட்டுகிறது எல்லாம் ஒரு கிழமையில் கைவந்துவிடும். அதை நான் சொல்லித்தரப் போவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் டென்மார்க்கில் இந்த சில்க்போர்க் ஊர் விளையாட்டு மண்டபத்தில் நின்றவன் நான். கை செய்த பிழைகளை எண்ணினால் ஒரு கொப்பி நிரம்பும், அவற்றை மறந்துவிட்டேன். வாய் செய்த பிழை ஒன்றுதான் இன்னும் நினைத்தால் காது சூடாகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதியாக வந்து, பாஷை வகுப்பில் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் இருந்த காலம். கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் இருந்த பெண் என்னை மூன்று மாதப் பரீட்சார்த்த வேலைக்கு இந்த மண்டபத்துக்கு அனுப்பினார். சரிவந்தால் நிரந்தரம். சரிவராவிட்டால் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அங்கே பார்க்கலாம் என்றார். கிரின்ஸ்டெட்டுக்கு பஸ்ஸே அருமை, கார் ஓட்ட எனக்குத் தெரியாது. அதையும்விட ஒரு சிக்கல் இருந்தது. மன்னாரில் இருந்த என் மனைவிக்கு, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நான் முதல் கிழமையே கடிதம் எழுதிவிட்டேன். அவள் அதைக் கோயிலில் வைத்து நன்றி சொல்லி, ஊர் முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டாள். இனி அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

என் பெயர் யேசுதாசன். அதைச் சுருக்கி யேசு என்று கூப்பிட டெனிஷ்காரருக்குக் கூச்சம். மண்டபத்துக்குப் பொறுப்பான ஹால் இன்ஸ்பெக்டர், யூலண்ட் என்கிற இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஆள், அவருடைய ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் நீங்கள் ஒரு கோப்பி குடித்து முடிக்கலாம். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் யெஸ் என்று ஆண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள், நீ இனி யெஸ் என்றார். நானும் சம்மதித்தேன். அப்போது நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கோடையில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் லக்ரோஸ் அணிகள் இரண்டையும், ஆண்கள் ஒன்று பெண்கள் ஒன்றாக, மூன்று கிழமைக்கு எங்கள் ஊருக்கு அனுப்பியது. லக்ரோஸ் என்றால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. நீளத் தடி, அதன் தலையில் சின்ன வலை. பந்தை வலையில் ஏந்திக்கொண்டு ஓடி, எறிந்து, கோல் அடிக்க வேண்டும். ஆண்கள் தலைக்கவசம், தோள் கவசம், தடித்த கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஆளோடு ஆள் மோதினார்கள். பெண்கள் குட்டைப் பாவாடையும் வெறும் தலையுமாக ஓடினார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு இந்தப் பிள்ளைகளை இப்படி விட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன்.

மண்டபத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் ஆள் இருந்தார். கன்டீனில் வேலைசெய்த மலரக்கா. யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் ரீச்சராக இருந்தவர், இங்கே பாண் வெட்டிக்கொண்டிருந்தார். அணிகள் வந்த அன்றே என் மனதில் கிடந்ததை அவரிடம் சொன்னேன்.

"அக்கா, பெட்டையளின்ர வலையைப் பாத்தியளே? சுளகு மாதிரித் தட்டையாக் கிடக்குது. பெடியன்களுக்கு மட்டும் நல்ல ஆழமாக் கட்டிக் குடுத்திருக்கினம்."

"உனக்கேன் உந்த வேலை? அவையின்ர விளையாட்டு, அவையின்ர வலை."

"மடி இல்லாமல் என்ன வலையக்கா?"

இந்த மடி என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் கரைவலையின் கடைசியில் மீன் வந்து விழுகிற பையை மடி என்போம். என் அப்பு, சித்தப்பாமார் எல்லோரும் கடல்காரர். நடக்கப் பழகிய கையோடு வலை முடியப் பழகியவன் நான். மடி இல்லாத வலையைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

இரண்டாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. பெண்கள் நனைந்து வந்து தடிகளை என் சாமான் அறையில் காயப் போட்டார்கள். கோல் காப்பவளின் தடியோடு பதினாறு. அவர்களுடைய பயிற்சியாளர், உயரமான ஒரு அம்மா, என்னிடம் வந்து விறுவிறென்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மூன்று தடிகளில் சிவப்புப் பட்டி ஒட்டியிருந்தது, அவற்றில் நூல் அறுந்திருந்தது. அவற்றை எடுத்துக் காட்டினார். பிறகு மற்றவற்றை நோக்கிக் கையை வீசி இன்னும் ஏதோ சொன்னார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். அவர் திரும்பவும் சொன்னார். நான் "யெஸ், யெஸ், யெஸ்" என்றேன்.

ஒருவர் கதைக்கும்போது நாங்கள் "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டிருப்போமே, அதுதான். காது உங்களிடம்தான் இருக்கிறது, சொல்லுங்கள் என்று அர்த்தம். விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, செய்கிறேன் என்றும் இல்லை. அப்படிச் சொல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் மரியாதை தெரியாதவன் என்பார்கள். அந்த அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? யெஸ் என்ற பெயருள்ளவன் ஐந்து தரம் யெஸ் சொன்னான், அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

அவர் சொன்னது: சிவப்புப் பட்டி உள்ள மூன்றில் அறுந்த நூலை மட்டும் மாற்று, மற்றவற்றைத் தொடாதே. எனக்கு விளங்கியது: சிவப்புப் பட்டியை முதலில் செய், பிறகு மற்றவை.

வெள்ளிக்கிழமை இரண்டு அணிகளும் கொப்பன்ஹேகன் பார்க்கப் போய்விட்டன. சனிக்கிழமை மதியம்தான் திரும்புவார்கள், வந்த கையோடு இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் பெண்கள் அணியோடு விளையாட்டு. எனக்கு முழு நாளும் கிடைத்தது. அந்தத் தடிகளின் வலை நெடுக்காகத் தோல் வார்களும் குறுக்காக நைலோன் நூலும் வைத்துக் கட்டியது. ஆண்களின் தடி ஒன்றைப் பக்கத்தில் மாதிரிக்கு வைத்துக்கொண்டு, பெண்களின் தடிகள் எல்லாவற்றுக்கும் தோல் வாரைத் தளர்த்தி, அழகான ஆழ மடி விட்டுக் கட்டினேன். முடிச்சுகளை ஈரத்தோடு இறுக்கினேன். வால்களை ஒட்ட நறுக்கினேன், எங்கள் பக்கத்தில் வால் தொங்கவிடுகிறவனை வேலை தெரிந்தவன் என்று சொல்லமாட்டார்கள். வேலை முடிந்து பார்த்தபோது என்னை நானே தோளில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி ஊர்ச்சனம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஓடிவந்து தடிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அணித்தலைவி லிண்டா, சிவந்த தலைமயிர்க்காரி, தினமும் காலையில் என்னைப் பார்த்து "யெஸ்?" என்று கேள்வி மாதிரிக் கூப்பிட்டுச் சிரிக்கிறவள். அவள் பந்தை ஏந்தி ஓடினாள். பந்து மடியில் பூனை மாதிரிப் படுத்துக் கிடந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பூரித்துப்போய் நின்றேன். பிறகு அவள் எறிந்தாள். பந்து வலையை விட்டுப் பிந்திக் கழன்று அவள் காலடியில் தரையில் அடித்தது. பக்கத்தில் நின்றவளும் எறிந்தாள், அதுவும் தரையில்தான்.

இங்கிலாந்திலிருந்து வந்த நடுவர் அம்மா ஒரு தடியை வாங்கினார். பந்தை வலையில் போட்டு, தடியைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்துப் பார்த்தார். பெண்களின் தடியில் பந்தின் உச்சி, பக்கச் சட்டத்துக்கு மேலே தெரியவேண்டும். அதுதான் சட்டம். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தடி. அதிலும் தெரியவில்லை. கோல் காப்பவளின் தடிக்கு மட்டும் ஆழம் அனுமதி, மற்றப் பதினைந்தும் தள்ளுபடி.

மலரக்கா கோப்பிப் போத்தலோடு வந்தவர் என் பக்கத்தில் நின்று அங்கே நடந்த பேச்சைக் கேட்டுச் சொன்னார்.

"மடியை ஆழமாக்கிறது களவு விளையாட்டாம். முந்தியும் ரெண்டு பெட்டையள் அப்பிடிச் செய்து பிடிபட்டவையாம். இப்ப எல்லாரும் சேந்து செய்திருக்கினம் எண்டு அந்த நடுவர் சொல்லுறா. கோச் மனிசி லிண்டாவைக் கேக்கிறா, ஆர் செய்தது, சொல்லு, சொல்லாட்டி மெச்சும் இல்லை, ஊருக்குப் போனால் நீ கப்டனும் இல்லை எண்டு."

மலரக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ தம்பி. நீயே செய்தனீ?"

"ஓமக்கா."

"எல்லாத்தையுமே?"

"ஓம்."

அவர் போத்தலைக் கீழே வைத்தார். "கேள். திங்கட்கிழமை உன்ர மூண்டு மாதம் முடியுது. வாயை மூடிக்கொண்டு நில். உன்னை ஒருத்தரும் நினைக்கேல்லை. அவை வாற கிழமை அமெரிக்காவுக்குப் போயிடுவினம். நீ இஞ்சதான் இருக்கோணும்."

அவர் என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். அது சரியாகவும் பட்டது. மன்னாரில் கோயிலில் வைத்த கடிதம் என் கண்ணுக்குள் வந்தது. அங்கே மைதானத்தின் நடுவில் லிண்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. இல்லை, நாங்கள் இல்லை என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லி நம்ப ஆளில்லாமல் நிற்கிறவனின் முகம் எனக்குப் பழக்கமானது. அகதியாக வந்து இறங்கிய புதிதில் பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

"அக்கா, வாங்கோ. எனக்கு இங்கிலீஷ் காணாது."

"விசரன்" என்றார். ஆனால் வந்தார், எனக்கு முன்னாலேயே நடந்தார்.

பிள்ளைகளே, பிழை விட்டால் உடனே சொல்லவேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். சொல்லப் போகிற அந்த நாற்பது அடி தூரத்தில் கால் எப்படி இருக்கும் என்று ஒருவரும் எழுதமாட்டார்கள்.

நான் சொன்னேன், மலரக்கா மொழிபெயர்த்தார். பயிற்சியாளர் அம்மாவின் முகம் சிவந்தது. தொடாதே என்று சொன்னேன், நீ யெஸ் என்றாய், ஐந்து தரம் யெஸ் என்றாய் என்றார். அதற்கு மலரக்கா என்னைக் கேட்காமலே நீளமாக ஒரு பதில் சொன்னார். பிறகுதான் அது என்னவென்று எனக்குச் சொன்னார்: எங்கள் பாஷையில் ஓம் என்றால் உன்னைக் கேட்கிறேன் என்று அர்த்தம், உனக்குப் பணிகிறேன் என்று அர்த்தமில்லை, இந்த முட்டாள் உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல வலை இல்லையென்று இரங்கிச் செய்துவிட்டான்.

ஹால் இன்ஸ்பெக்டரும் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார், அவிழ்க்க எவ்வளவு நேரம்?

ஒரு தடிக்குப் பத்து நிமிஷம் என்றேன். ஈரத்தோடு இறுகிக் காய்ந்த முடிச்சு, பிடிக்க வாலும் இல்லை. நடுவர் அம்மா நாற்பத்தைந்து நிமிஷம் தருவதாகச் சொன்னார். பதினைந்து தடிகளுக்கு நூற்றைம்பது நிமிஷம். நான் உடனே தடிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்கு ஓடப் பார்த்தேன். வெட்கம் வந்தால் ஆளுக்குத் தனியாக ஓடத்தான் தோன்றும். இன்ஸ்பெக்டர் என் சட்டையின் கழுத்தைப் பிடித்தார்.

"எத்தனை பேர் விளையாடுவார்கள்?" என்றார்.

"கோல் காப்பவளை விட்டால் பதினொன்று."

"அப்படியானால் ஏன் பதினைந்து?"

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதலில் கேட்கவேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று இல்லை, இப்போது எவ்வளவு வேண்டும் என்றுதான். அவருக்கு அது சாதாரணமாக வந்தது. எனக்கு வர இன்னும் பத்து வருஷம் பிடித்தது.

ஆண்கள் அணியில் ஒருவன் கத்தியோடு வந்தான். வெட்டவேண்டாம் என்று கத்தியைத் தட்டிவிட்டேன், வெட்டினால் தோல் வார் குறுகிவிடும், பிறகு ஒன்றுக்கும் உதவாது. முடிச்சுக்கு அடியில் கூராக ஏதாவது கொடுத்து நெம்பவேண்டும். நான் சொல்லி வாய் மூடவில்லை, மலரக்கா கன்டீனிலிருந்து ஒரு தட்டு நிறைய முள்ளுக்கரண்டிகளைக் கொண்டுவந்து புல்லில் கொட்டினார்.

எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தோம். பெண்கள், ஆண்கள், இங்கிலாந்து அணியிலிருந்து இரண்டு பேர், இன்ஸ்பெக்டர்கூட ஒரு முழங்காலில். முடிச்சின் எந்த வளையத்தில் முள்ளைக் கொடுக்கவேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். ஒருவர் நெம்ப, இன்னொருவர் வாரை இழுத்து இறுக்க, லிண்டா பந்தை வைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் மெதுவாக, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக விளக்கினாள். மடி ஆழமென்றால் பந்து அசையாது. அசையாத பந்தை எடுக்கவேண்டுமென்றால் தடியால் அடிக்கவேண்டும். எங்கள் தலையில் ஒன்றுமில்லை, பார் என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். தட்டை வலையில் பந்தைத் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே ஓடவேண்டும், ஆட்டம் பிழைத்தால் பந்து தானாக விழும், ஒருவரும் ஒருவரையும் அடிக்கத் தேவையில்லை.

நான் இரங்கிய அந்தத் தட்டை வலைதான் இந்தப் பிள்ளைகளின் தலைக்கவசம். இரண்டு கிழமையாக வேலியில் நின்று பார்த்தேன், எனக்கு அது தெரியவில்லை. எனக்கு வலை தெரியும் என்ற நினைப்புத்தான் கண்ணை மறைத்தது.

"இப்போது விளங்குகிறதா?" என்று அவள் கேட்டாள். நான் யெஸ் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, அவள் சொன்னதை என் உடைந்த இங்கிலீஷில் திரும்பச் சொல்லிக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். இன்றுவரை எனக்கு வேலை சொல்பவருக்கு நான் அதைத்தான் செய்கிறேன்.

நாற்பத்தைந்து நிமிஷத்தில் பதினொரு தடிகள் தேறின. மற்ற நான்கையும் விளையாட்டு நடக்கும்போது நானும் மலரக்காவும் செய்தோம். அவர் வைதுகொண்டே செய்தார். பெண்கள் ஒரு கோலால் தோற்றார்கள், நான் அதற்கும் என்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டேன். லிண்டா போகும்போது என் தோளில் ஒரு முள்ளுக்கரண்டியால் தட்டி "யெஸ்?" என்றாள். "நோ" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு கதிரைகள் வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு ஒரு செபமும் வாயில் வரவில்லை. கடிதத்தை மனைவிக்கு எப்படி மாற்றி எழுதுவது என்றுதான் யோசித்தேன். கிரின்ஸ்டெட்டுக்கு எத்தனை பஸ் என்றும் விசாரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் கிடந்தது. முள்ளுக்கரண்டிகள் வளைந்துவிட்டன என்று மலர் சொல்கிறாள் என்றார். பிறகு தன்னுடைய யூலண்ட் டெனிஷில், பல்லுக்குள் அரைத்து, ஒரு நீளமான வசனம் சொன்னார். அதன் நடுவில் பாஸ்ட்அன்செட்டெல்ஸ என்று ஒரு முழ நீளச் சொல் கிடந்தது. என் வாயில் "யா, யா" என்று டெனிஷ் ஓம் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள்" என்றேன். டென்மார்க்கில் நான் அந்த வசனத்தை ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அவர் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் யன்னலால் மைதானத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் வரவேண்டும்" என்றார். "நாளையன்றைக்கும் வரவேண்டும். பிறகும் வரவேண்டும். அதுதான் அந்தச் சொல்."

"யா" என்றேன். "யா, யா."

அவர் பேனாவை நீட்டவந்து, கையை இழுத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். மலரக்கா மைதானத்தில் சொன்ன விளக்கத்தை அவர் மறக்கவில்லை.

"கேட்கிறாயா, சம்மதிக்கிறாயா?"

"இரண்டும்" என்றேன். மனைவிக்கு நான் எழுதிய கடிதம் அன்றைக்குத்தான் உண்மையானது.